மிலிட்டரி ஆட்சி வந்தா நாடு நேராயிருமா? குமாரமங்கலத்துத் தளபதியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறது.)

நாமக்கல்லில் இருந்து பேசுகிறேன்.

போன எபிசோடில் முன்னாள் படைவீரர்களுக்கான கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை, பென்ஷன் பேப்பர் இதெல்லாம் பார்த்தோம். அதுக்கு வந்த வாய்ஸ் மெசேஜில் பாதி கார்டு புதுப்பிக்கிறது பற்றி. அவர்களுக்கெல்லாம் தனியாகப் பதில் அனுப்பியாகிவிட்டது. மீதியில் ஒன்று, ராசிபுரம் பக்கத்தில் இருந்து ஒரு அண்ணன் அனுப்பியது. "ஏனுங்க ஹவில்தாரு, கார்டு கெடக்குதுங்க. இந்த நாட்டை ஒரு அஞ்சு வருஷம் உங்க மிலிட்டரி கையில குடுத்துப் பார்த்தா என்னங்க? எல்லாப் பயலும் நேராயிருவானுங்க" என்கிறார்.

இதை நான் இப்போதுதான் கேட்கிறேன் என்றில்லை. ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வந்த நாளில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். லாரிப் பட்டறையில் கேட்டிருக்கிறேன், கோழிப்பண்ணையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் கிடையாது. செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் மாமூல் கொடுத்து ஓய்ந்த லாரிக்காரர், ஒரு பட்டா மாறுதலுக்கு ஏழு தடவை நடந்த விவசாயி. அவர்கள் கண்ணுக்கு ராணுவம் என்றால் நேரத்துக்கு வேலை, ஒரே சொல், கை நீட்டாத ஆள். அந்த மூன்றும் வேண்டும் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் சொல்கிற வார்த்தை பெரிய வார்த்தை. அதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பதில் சொல்ல நான் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் குமாரமங்கலம் இருக்கிறது, அங்கே இருந்தே ஆரம்பிக்கலாம்.

குமாரமங்கலம் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்கள் "மோகன் குமாரமங்கலமா?" என்பார்கள். அவர் இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்குத் துறை மந்திரி, 1973ல் டெல்லியில் விமான விபத்தில் இறந்தவர். கொஞ்சம் இளையவர்கள் "ரங்கராஜன் குமாரமங்கலம், நம்ம சேலம் எம்.பி.யா இருந்தாரே" என்பார்கள். அவர் மோகனின் மகன். மோகனுக்கு அண்ணன் ஒருவர் உண்டு. ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1966 ஜூனில் இருந்து 1969 ஜூன் வரை இந்தியத் தரைப்படைக்குத் தலைமைத் தளபதி. தமிழ்நாட்டில் இருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். அவருக்கு அடுத்து வந்த மானெக்‌ஷாவைத் தெரியாத ஆள் கிடையாது. இவரை இவர் மாவட்டத்திலேயே பத்தில் ஒருத்தருக்குத் தெரிந்தால் அதிகம். நான் கேட்டுப் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.

அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அப்பா டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். 1926ல் இருந்து 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. பிற்பாடு காங்கிரசுக்கு வந்து, ராஜாஜி மந்திரி சபையில் இருந்து, திருச்செங்கோட்டு எம்.பி.யாகி, கடைசியில் மகாராஷ்டிர கவர்னராக இருக்கும்போது 1962ல் இறந்தார். அம்மா ராதாபாய் மங்களூர்க்காரர். வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன பெண்களில் ஒருவர். சாதி மாறிய கல்யாணம், அந்தக் காலத்திலேயே. மூத்தவர் பரமசிவம் 1913ல் பிறந்தவர். படிப்பு ஈட்டன் பள்ளி, அப்புறம் வுல்விச் ராணுவ அகாடமி. தம்பி மோகன் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கம்யூனிஸ்ட் ஆனார். தங்கை பார்வதியும் அப்படியே. பார்வதி கிருஷ்ணன் என்றால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், பல தடவை எம்.பி. இன்னொரு சகோதரர் கோபால், அரசுத் தொழில் நிறுவனங்களில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர்.

ஒரு காட்சியை மட்டும் யோசித்துப் பாருங்கள். 1940, 41 வாக்கில் அண்ணன் பிரிட்டிஷ் ராஜாவின் கமிஷன் வாங்கிய பீரங்கிப் படை அதிகாரி. தம்பி, அதே ராஜாவுக்கு எதிராகச் சதி செய்தார் என்று சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தியோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவர். இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே சாப்பாட்டு மேஜை.

இங்கே ஒரு சின்ன விலகல். ஜமீன் வீட்டுப் பையன் ஈட்டனுக்குப் போய் அதிகாரி ஆகிறார். சரி. அதே காலத்தில் குமாரமங்கலத்தில் ஏர் ஓட்டினவர் மகனுக்குப் பட்டாளத்தில் இடம் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. 1758ல் இருந்து கணக்குச் சொல்கிற மெட்ராஸ் படையை வைத்துத்தான் கம்பெனிக்காரன் தெற்கையே பிடித்தான். ஆனால் 1880களில் மெட்ராஸ் படைக்குத் தலைவராக வந்த ராபர்ட்ஸ் பிரபுவுக்கு, போர்க்குணம் வடக்கத்தி ஆட்களுக்குத்தான் உண்டு, மதராசி லாயக்கில்லை என்று ஒரு நினைப்பு. 'போர்ச் சாதி' என்று அதுக்கு ஒரு பேரு. ஒவ்வொரு பட்டாலியனாகக் கலைத்துக்கொண்டே வந்து, 1920கள் முடியும்போது மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்றே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாமல் போனபோதுதான் மறுபடி ஆரம்பித்தார்கள். தப்பித்தது நான் வேலை பார்த்த மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780ல் இருந்து விடாமல் இருக்கிறது, பெங்களூரில் தலைமையிடம். எங்களை ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி மேஜரும் "தம்பி"தான், கூர்க்கா சிப்பாயும் "தம்பி"தான். நம் சேலம், நாமக்கல் பக்கம் வேலூர் மாவட்டத்தில் இருக்கிற மாதிரி தலைமுறை தலைமுறையான பட்டாளத்து ஊர்கள் அதிகம் இல்லாததுக்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தறி, லாரி, ரிக் வண்டி என்று வேறு பிழைப்பு கிடைத்தது இன்னொரு காரணம்.

சரி, பரமசிவத்துக்கு வருவோம். 1942 மே மாதம், லிபியா பாலைவனத்தில் பீர் ஹக்கீம் என்ற இடம். எதிரி டாங்குகள் வந்து விழுகின்றன. அங்கே பீரங்கிப் பிரிவை நடத்தினதுக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. பதக்கம். அதே வருஷம் போர்க்கைதியாகப் பிடிபட்டு இத்தாலிக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே இந்திய அதிகாரிகளைச் சேர்த்து அடைத்த முகாமில் அவரோடு இருந்தவர்களில் ஒருத்தர், இளம் அதிகாரி ஆகா முகமது யாஹியா கான்.

பெயரைக் கவனித்தீர்களா? அதே யாஹியா கான்தான்.

ஒரே முகாம், ஒரே பட்டினி, ஒரே கம்பி வேலி. குமாரமங்கலம் அங்கிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனி முகாமுக்குப் போனார். யாஹியாவும் தப்பினார். 1947ல் நாடு பிரிந்தது, ராணுவமும் பிரிந்தது. துப்பாக்கி, ஜீப்பில் இருந்து மெஸ் வெள்ளிச் சாமான் வரைக்கும் பங்கு போட்டார்கள். கைதி முகாமில் ஒரே ரொட்டியைப் பங்கு போட்டவர்கள் இரண்டு தேசத்து அதிகாரிகள் ஆனார்கள்.

1966 ஜூனில் குமாரமங்கலம் இந்தியத் தளபதி. மூன்று மாசம் கழித்து, செப்டம்பரில் யாஹியா கான் பாகிஸ்தான் தளபதி. பழைய முகாம்வாசிகள் இரண்டு பேரும் எதிரெதிர் ராணுவங்களுக்குத் தலைமை. கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

இப்போது அந்த மூன்று வருஷம் இந்தியா எப்படி இருந்தது என்று பாருங்கள். நம் ராசிபுரத்து அண்ணன் கேட்கிற கேள்விக்கு இதுதான் இடம். இவர் பதவி ஏற்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 6ஆம் தேதி, ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். இரண்டு வருஷமாக மழை பொய்த்து, பீகாரில் பஞ்சம். அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தால்தான் சோறு. நேரு போய், சாஸ்திரி போய், இந்திரா காந்தி வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. 1967 தேர்தலில் மாநிலம் மாநிலமாகக் காங்கிரஸ் சாய்ந்தது, நம் ஊரில் அண்ணா முதலமைச்சர் ஆனார். வடக்கே காலையில் ஒரு கட்சி, சாயந்திரம் ஒரு கட்சி என்று எம்.எல்.ஏ.க்கள் தாவினார்கள். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் நெவில் மேக்ஸ்வெல், இந்தியாவில் ஜனநாயகம் சிதைகிறது, இதுவே கடைசித் தேர்தலாக இருக்கும் என்கிற மாதிரி எழுதினார். அவர் ஒன்றும் வெத்து ஆள் இல்லை. சுற்றிலும் நடந்ததைப் பார்த்துத்தான் எழுதினார். பாகிஸ்தானில் 1958ல் அயூப் கான், பர்மாவில் 1962ல் நே வின். அடுத்தது இந்தியாதான் என்று நினைத்ததில் தப்பென்ன?

அந்த நேரம் ராணுவத்தின் சாவி இருந்தது நம்ம திருச்செங்கோட்டுக்காரர் கையில். அவர் என்ன செய்தார்?

எல்லைக்கு ராணுவத்தைத் தயாராக வைத்தார். 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லை நாதுலாவில் சீனாவோடு மோதல், அக்டோபரில் சோலாவில். 1962ல் வாங்கின அடிக்கு அங்கே பதில் சொன்னார்கள். அதைத் தவிர டெல்லி அரசியலில் அவர் பேரே இல்லை. 1969 ஜூன் 7ஆம் தேதி காலம் முடிந்தது. மானெக்‌ஷாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். 2000 மார்ச்சில் இறக்கும்வரைக்கும் முப்பது வருஷம் ஒரு ரிட்டயர்டு ஆபீசராக இருந்தார்.

அவர் ஓய்வு பெறுவதற்குப் பத்து வாரம் முன்னால், 1969 மார்ச் 25ஆம் தேதி, அந்தப் பக்கம் அயூப் கான் ஆட்சியை யாஹியா கான் கையில் கொடுத்தார். ராணுவச் சட்டம். நம்ம அண்ணன் கேட்கிற அதே சோதனைதான், நாட்டை மிலிட்டரி கையில் கொடுத்துப் பார்த்தார்கள். யாஹியா ஆரம்பத்தில் பல பேருக்கு நல்லவராகத்தான் தெரிந்தார். லஞ்சம் வாங்கினார்கள் என்று முந்நூறு பேர் அளவில் அதிகாரிகளை வேலையை விட்டு நிறுத்தினார். 1970 டிசம்பரில் தேர்தலும் நடத்தினார், ஒழுங்காகவே நடத்தினார். கிழக்குப் பாகிஸ்தானில் முஜிபுர் ரகுமான் கட்சி ஜெயித்து மொத்தத்துக்கும் பெரும்பான்மை வாங்கியது. அங்கேதான் பிரச்சினை. ஜெயித்தவரிடம் ஆட்சியைக் கொடுப்பதா என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அவருக்குத் தெரிந்த வழி ஆர்டர் போடுவது. 1971 மார்ச் 25 ராத்திரி டாக்காவில் ராணுவம் தன் சொந்த ஜனத்தின் மேல் இறங்கியது. டிசம்பர் 16ஆம் தேதி அங்கே சரணடைந்து நம் கைக்கு வந்தவர்கள் சுமார் 93,000 பேர். இத்தாலியில் கைதியாக இருந்தவரின் ஆட்சியில் 93,000 பேர் கைதி. நாலு நாளில் அவர் பதவியும் போனது.

"அது பாகிஸ்தான்காரன் புத்தி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டு பேரும் ஒரே ராணுவத்தில் வளர்ந்தவர்கள். அதே டிரில், அதே மெஸ், அதே கைதி முகாம். ஆளுக்கு ஆள் குணம் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குணத்தை நம்பி ஒரு நாட்டை விட முடியாது. இங்கே வேறு சில வேலைகள் நடந்திருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் கமாண்டர்-இன்-சீஃப் என்றால் வைஸ்ராய்க்கு அடுத்த ஆள். டெல்லியில் அவர் இருந்த பெரிய மாளிகை 1948ல் யாருக்குப் போனது தெரியுமா? பிரதமர் நேருவுக்கு. அதுதான் தீன்மூர்த்தி பவன். வீடு மாறின விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். பட்டாளத்துக்காரனுக்கு யார் எந்த வீட்டில் இருக்கிறான் என்பது பெரிய பாஷை. 1955ல் கமாண்டர்-இன்-சீஃப் என்ற பதவியையே எடுத்துவிட்டு, தரைப்படை, கப்பல்படை, விமானப்படை மூன்றுக்கும் சமமாக மூன்று தலைமைத் தளபதிகள் என்றாக்கினார்கள். தளபதிக்குக் காலக் கெடு. நாள் வந்தால் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஸ்டீவன் வில்கின்சன் என்பவர் 2015ல் 'ஆர்மி அண்ட் நேஷன்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பாகிஸ்தானுக்குப் பங்கில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே பகுதிப் பஞ்சாபிகள் நிறைந்த ராணுவம், இந்தியாவுக்குக் கிடைத்தது பலதரப்பட்டது, மேலே வேரூன்றின ஒரு கட்சியும் இருந்தது என்று கணக்கோடு விளக்குகிறார். முடிந்தவர்கள் படியுங்கள். ராணுவத்தைப் பற்றி நம் ஊரில் பேசுகிற பேச்சுக்கு அது நல்ல மருந்து.

எனக்கு இதில் மனதில் நிற்பது வேறொன்று. தளபதியின் தங்கை கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். தம்பி சதி வழக்கைப் பார்த்தவர், அண்ணன் தளபதி ஆன அதே 1966ல் மெட்ராஸ் மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல். ஒரு வீட்டுக்குள் இத்தனை கருத்து இருந்தது. பட்டாளத்தில் மட்டும் இருந்தவனுக்கு, எதிர்த்துப் பேசுகிறவன் எல்லாம் எதிரி மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இவருக்கு எதிர்த்துப் பேசுகிறவர்கள் கூடப் பிறந்தவர்கள். அது அவரை எப்படி மாற்றியது என்று அவர் எழுதி வைத்ததை நான் படித்ததில்லை. என் யூகம்தான் இது.

இப்போது என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நான் படித்தவன் இல்லை, பார்த்ததை வைத்துப் பேசுகிறேன்.

2001 டிசம்பரில் பார்லிமெண்ட் மேல் தாக்குதல் நடந்தது. உடனே ஆபரேஷன் பராக்ரம். ராணுவம் மொத்தமும் மேற்கு எல்லைக்கு. சாப்பர் என்றால் பாலம் கட்டுவது மட்டும் வேலை இல்லை, கண்ணிவெடி புதைப்பதும் எங்கள் வேலை. எங்களுக்கு ராஜஸ்தானில் கங்காநகர் பக்கம். ராஜஸ்தான் என்றதும் மணல் மேடு என்று நினைப்போம். அங்கே வாய்க்கால் பாசனம், கடுகும் கோதுமையும் பச்சைப் பசேல் என்று. அந்த வயலில்தான் வெடி புதைக்க வேண்டும். நான் விவசாயி மகன். எங்கப்பாரு இரண்டு ஏக்கர் மரவள்ளியும் கொஞ்சம் நிலக்கடலையும் வைத்துப் பிழைத்தவர். விளைந்த கடுகுக்குள் பூட்ஸ் காலோடு இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பெரியவர், தலைப்பாகை கட்டியவர், வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தூக்கில் மோர் கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேட்டா, மாடு தண்ணிக்குப் போக எந்தப் பக்கம் வழி விடுவீங்க?" வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நடக்காது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் எங்கள் மேஜரிடம் சொல்லி, மேப்பைப் பார்த்து, ஒரு வழியைக் கயிறு கட்டி விட்டோம். மேஜர் மனுஷன். அவர் மனுஷனாக இருந்ததால் வழி கிடைத்தது. இல்லையென்றால் அந்தப் பெரியவர் யாரிடம் போய் நிற்பார்?

யுத்தம் வரும் என்ற நேரம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஆர்டரை நான் மறுபடி கொடுத்தாலும் செய்வேன். ஆனால் அதே முறையை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை ஞாபகம் இருக்கும். 2018ல் குப்பனூர், பூலாவரி பக்கம் எல்லாம் கல் நட்டார்கள். கிணற்றையும் தென்னையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜனம் அழுததை டிவியில் பார்த்தோம். வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் ஐகோர்ட் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், முறைப்படி மறுபடி ஆரம்பித்துச் செய்யலாம் என்றது. இழுபறி. ராணுவம் கையில் கொடுத்திருந்தால்? என் அனுபவத்தில் சொல்கிறேன், ரோடு போட்டிருப்போம். நேரத்துக்கு, நல்ல தரத்தில், காசு திருடாமல். நாங்கள் அதில் கெட்டி. ஆனால் அந்த ரோடு வேண்டுமா என்று கேட்பதற்கு எங்களுக்குப் பயிற்சி கிடையாது. எங்களுக்கு இலக்கு மேலே இருந்து வரும். ராத்திரிக்குள் ஆற்றுக்கு மேல் பெய்லி பாலம் நிற்க வேண்டும் என்றால் அது மட்டும்தான் கேள்வி, நூறு பேரும் அதற்கு ஒரே மனசு. ஊர் அப்படி இல்லை. ஊரில் பாலம் எங்கே வர வேண்டும் என்பதிலேயே நாலு கட்சி. அந்த நாலு கட்சிக்கும் நியாயம் இருக்கும்.

நம் மேற்கு மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கலாம். 1965 பிப்ரவரி, இந்தி எதிர்ப்புப் போராட்டம். ராணுவத்தைத் தமிழ்நாட்டுக்குள் இறக்கினார்கள். பொள்ளாச்சியில் சூடு. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றைக்கும் தகராறு. ராணுவத்தை ரோட்டில் இறக்கினால் அதற்குத் தெரிந்ததைத்தான் அது செய்யும். சுடச் சொல்லிக் கொடுத்தவனிடம் தடியடியை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் ராணுவத்தில் இருந்து ஊர் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1932ல் டேராடூன் அகாடமியைத் திறக்கும்போது தளபதி செட்வுட் ஒரு வரிசை சொன்னார். முதலில் நாடு, அடுத்து உன் கீழே இருக்கிற ஆட்கள், உன் சொந்த வசதி கடைசி. இன்றைக்கும் அங்கே அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் நான் பார்த்த நடைமுறை ஒன்றுதான். நல்ல ஆபீசர், ஜவான் சாப்பிட்டானா என்று பார்க்காமல் தட்டைத் தொடமாட்டார். லங்கர் வாசலில் வந்து நிற்பார். மலையில் பனி பெய்யும்போது சென்ட்ரி மாற்றும் நேரத்துக்கு எழுந்து வருகிற கேப்டனைப் பார்த்திருக்கிறேன், அவனுக்கு என் தம்பி வயசு. எழுந்து வராதவர்களையும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டாளத்தில் எல்லாரும் தெய்வம் என்று நினைக்காதீர்கள். எங்களிலும் திருட்டு உண்டு, கோர்ட் மார்ஷல் உண்டு. வெளியே தெரிவது குறைவு, அவ்வளவுதான். ஒரு கம்பெனி முதலாளி, ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், பஞ்சாயத்துத் தலைவர், இவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சாப்பாட்டு வரிசையை. சல்யூட்டையும் அதட்டலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

வீட்டு விஷயம் கேட்டு நிறையப் பேர், முக்கியமாகப் பெண்கள், அனுப்பியிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்து நாலு வருஷ சர்வீசில் வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல். அதுவும் பராக்ரம் மாதிரி வந்தால் கேன்சல். மற்ற நாளெல்லாம் 56 ஏ.பி.ஓ. விலாசத்துக்கு இன்லேண்ட் லெட்டர்தான். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. அவங்கதான் ரேஷன், பள்ளிக்கூடம், அப்பாருக்கு ஆஸ்பத்திரி, பங்காளியோடு வரப்புத் தகராறு எல்லாம் பார்த்தாங்க. நான் ரிட்டயர்டு ஆகி வந்த மூன்றாம் நாள் என்னை உட்கார வைத்து, "இங்க பாருங்க, கேஸ் புக் இங்க, பட்டா இங்க, எந்தக் கடையில எவ்வளவு பாக்கின்னு நோட்டு இங்க. கேக்காம எதையும் மாத்தாதீங்க" என்றார். புது ரெக்ரூட்டுக்கு முதல் நாள் ஸ்டோர் காட்டுகிற மாதிரியே இருந்தது. எங்கள் வீட்டுக் கமாண்டிங் ஆபீசர் இன்றைக்கும் அவங்கதான். எனக்கு டூட்டி காலையில் பால், சாயந்திரம் பேத்தியை டியூஷனில் இருந்து கூட்டி வருவது.

கடைசியாக, அண்ணன் கேட்ட கேள்வியைத் திருப்பி அவரிடமே ஒன்று கேட்கிறேன். 2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் வந்தது. பதினேழரை வயசில் சேர்ந்தால் நாலு வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைக்கும்தான் உள்ளே தொடர முடியும், மற்றவர்கள் பதினொன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கமாகச் சேவா நிதி வாங்கிக்கொண்டு வெளியே. பென்ஷன் கிடையாது. முதல் செட் 2022 கடைசி, 2023 ஆரம்பத்தில் பயிற்சிக்குப் போனவர்கள். அவர்கள் நாலு வருஷம் எப்போது முடிகிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். நான் வரும்போது எனக்கு நாற்பதைத் தாண்டிய வயசு, கையில் பென்ஷன். இவன் வரும்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. துப்பாக்கி பிடித்த கை, காலேஜ் முடிக்காத படிப்பு. என் அக்கா மகனும் தினம் காலையில் நாலரை மணிக்கு 1,600 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறான், அடுத்த ஆள்சேர்ப்புக்கு. "மாமா, நாலு வருஷம் கழிச்சு என்ன பண்றது?" என்று கேட்கிறான். நான் வேலை பார்க்கிற டிரான்ஸ்போர்ட் ஆபீசில் ஓனரிடம் கேட்டேன். "செக்யூரிட்டிக்கு வேணா எடுத்துக்கலாம்ங்க" என்றார். எடுத்ததும் அந்த ஒரு வேலைதான் அவர் வாயில் வந்தது. ராணுவத்துக்கு நாட்டையே கொடுக்கலாம் என்று அவரும்தான் பேசுகிறவர்.

ராசிபுரத்து அண்ணனுக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது என்று வாய்ஸ் மெசேஜிலேயே சொன்னார். அண்ணா, நாலு வருஷம் முடித்து வருகிற பையன் ஒருத்தனுக்கு உங்கள் பட்டறையில் என்ன வேலை கொடுப்பீர்கள், என்ன சம்பளம் போடுவீர்கள் என்று இந்த வாரத்துக்குள் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். மற்ற முதலாளிமாரும் போடலாம். அடுத்த எபிசோடில் அதையெல்லாம் வாசித்துவிடுகிறேன், சேர்வதற்கு முன்னால் பையன்கள் கேட்டுக்கொள்ளட்டும். வரட்டுங்களா.